நம் வீட்டில் இருக்கும் இன்னொரு காது



இந்த மாதம் ஒரு சின்னக் கருவியைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். அதற்குக் கை இல்லை, கால் இல்லை. காதும் வாயும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும். பாட்டுப் போடச் சொன்னால் போடும், விளக்கை அணைக்கச் சொன்னால் அணைக்கும், காலை நாலரைக்கு எழுப்பச் சொன்னால் எழுப்பும். ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்று கடையில் விற்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் லீவில் வரும்போது வாங்கி வந்து, ஹாலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"பாஸ்டர், இதை வீட்ல வைக்கலாமா, வைக்கக் கூடாதா?" என்று விசுவாசிகள் கேட்கிறார்கள். இதே கேள்வியை நம் பெரியவர்கள் ஒரு காலத்தில் ரேடியோவைக் குறித்துக் கேட்டார்கள். பிறகு டிவியைக் குறித்துக் கேட்டார்கள். அவரவர்க்குத் தெரிந்த பதிலைச் சொன்னார்கள். ஆனால் பிரியமானவர்களே, அந்தப் பழைய பதில் இதற்குப் பொருந்தாது. ரேடியோவும் டிவியும் வெளியே இருப்பதை வீட்டுக்குள் கொண்டுவந்தன. இந்தக் கருவியோ வீட்டுக்குள் இருப்பதை வெளியே கொண்டுபோகக் கூடியது. ஆகவே கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். என் வீட்டில் மற்றவர்கள் பேசுகிற பேச்சை வெளியே அனுப்புவதற்கு எனக்கு என்ன அதிகாரம்?

முதலாவது, நியாயமாய்ப் பேசுவோம்

இது பிசாசின் பெட்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. எங்கள் சபையில் கண் தெரியாத ஒரு சகோதரர் இருக்கிறார். முன்பெல்லாம் மணி என்ன என்று கேட்கவும் அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டும். இப்போது அவரே கேட்டுக்கொள்கிறார். செய்தி கேட்கிறார், மாத்திரைக்கு நேரம் வைக்கிறார், மகளைப் போனில் கூப்பிடுகிறார். "பாஸ்டர், ஒருத்தரையும் தொந்தரவு பண்ணாம என் வேலைய நானே பாக்கறேன்" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். கை நடுக்கமுள்ள ஒரு தாயாருக்கு போனில் பட்டனைத் தொட வராது. படுத்தபடியே பேசினால் விளக்கு எரிகிறது. இது சோம்பேறித்தனம் அல்ல, இது ஒரு உதவி. உதவியை உதவி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் உதவிக்கு ஒரு விலை உண்டா, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதும் நம் கடமை.

அது எப்படிக் கேட்கிறது?

அமேசான் கம்பெனி தன்னுடைய எக்கோ என்ற ஸ்பீக்கரை 2014 நவம்பரில் அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. முதல் மாடலிலேயே 7 மைக்குகள் இருந்தன. அறையின் எந்த மூலையிலிருந்து பேசினாலும் கேட்க வேண்டும் அல்லவா? நம் தேசத்துக்கு அது 2017 அக்டோபரில் வந்தது. கூகுள் ஹோம் 2018 ஏப்ரலில் வந்தது.

ஒன்றைத் தெளிவாய்ப் புரிந்துகொள்ளுங்கள். நாம் பேசும் எல்லாவற்றையும் அது ராப்பகலாய் அனுப்பிக்கொண்டே இருப்பதில்லை. "அலெக்சா" என்றோ "ஹே கூகுள்" என்றோ தன்னைக் கூப்பிடும் சத்தத்துக்காக எப்போதும் காத்திருக்கிறது. அதற்காகச் சில விநாடிப் பேச்சை உள்ளேயே வைத்துச் சோதித்து, உடனே அழித்துக்கொண்டே போகிறது. தன் பெயர் கேட்டது என்று நினைத்தவுடன் விளக்கு எரியும். அதற்குப்பின் நாம் பேசுவது இண்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே புரிந்துகொண்டு பதில் அனுப்புகிறார்கள்.

கவனியுங்கள், "கேட்டது என்று நினைத்தவுடன்" என்று சொன்னேன். நாம் கூப்பிடாமலே கூப்பிட்டதாக அது நினைத்துவிட்டால்? வேறு ஏதோ ஒரு வார்த்தை அந்தப் பெயரைப் போலக் காதில் விழுந்தால்? இங்கேதான் பிரச்சினை ஆரம்பம்.

நடந்த காரியங்கள்

2018-ல் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்தில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் தரை போடுவதைப் பற்றிய சாதாரணப் பேச்சு. சற்று நேரத்தில் வேறு ஊரிலிருந்து போன் வந்தது. கணவனிடம் வேலை செய்கிறவர் பேசினார். உங்கள் பேச்சு ரெக்கார்டு ஆகி எனக்கு வந்திருக்கிறது, அந்தக் கருவியைக் கழற்றுங்கள் என்றார். கம்பெனி விசாரித்துப் பதில் சொன்னது. பேச்சின் நடுவில் வந்த ஒரு வார்த்தையைத் தன் பெயர் என்று கருவி நினைத்தது. அடுத்து வந்ததை "மெசேஜ் அனுப்பு" என்று நினைத்தது. யாருக்கு என்று கேட்டு, பின்னணியில் கேட்ட பேச்சையே பதிலாக எடுத்துக்கொண்டது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் வீட்டுப் பேச்சு ஊர் தாண்டிப் போய்விட்டது!

அதே வருஷம் டிசம்பரில் ஜெர்மனியில் இன்னொரு காரியம் வெளிவந்தது. ஒருவர் தன்னைப் பற்றிய விவரங்களைத் தரும்படி அமேசானைச் சட்டப்படி கேட்டார். அவருக்கு வந்ததோ முன்பின் தெரியாத இன்னொருவர் வீட்டின் 1,700 ரெக்கார்டுகள். ஒரு பத்திரிகை அவற்றைக் கேட்டு, அந்த வீட்டுக்காரர் யார் என்பதையே கண்டுபிடித்துவிட்டது. மனிதத் தவறு என்று கம்பெனி சொன்னது.

2019-ல் மூன்று பெரிய கம்பெனிகளைக் குறித்தும் செய்தி வந்தது. அலெக்சாவின் ரெக்கார்டுகளில் சிலவற்றைக் கேட்டு எழுதி, கருவிக்குக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் பல நாடுகளில், இந்தியாவிலும்கூட, வேலை செய்கிறார்கள் என்று ஏப்ரலில் புளூம்பெர்க் எழுதியது. ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி நிறுவனம் கூகுள் அசிஸ்டண்ட் ரெக்கார்டுகள் ஆயிரத்துக்கு மேல் கேட்டுப் பார்த்தது. அவற்றில் 153 ரெக்கார்டுகள் யாரும் கூப்பிடாமலே பதிவானவை. அதே மாதம் ஆப்பிளின் சிரி கேட்டவற்றில் டாக்டரிடம் நோயாளி பேசியதுகூட இருந்தது என்று கார்டியன் பத்திரிகை எழுதியது. மொத்தத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் மனிதர்கள் கேட்கிறார்கள் என்று கம்பெனிகள் சொல்லின. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, இனி சம்மதம் தருகிறவர்களின் பேச்சை மாத்திரம் கேட்போம் என்று மாற்றிக்கொண்டது. அதையும் நேர்மையாய்ச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் காரியம் இன்னும் கவலை தருகிறது. பிள்ளைகளின் குரல் ரெக்கார்டுகளை அளவில்லாத காலத்துக்கு வைத்திருந்தார்கள், பெற்றோர் அழிக்கச் சொல்லியும் முழுவதும் அழிக்கவில்லை என்று அமெரிக்க அரசு அமேசான்மேல் வழக்குப் போட்டது. 2023-ல் 2.5 கோடி டாலர் அபராதம் கட்டக் கம்பெனி ஒப்புக்கொண்டது. சட்டத்தை மீறவில்லை என்றும் சொன்னது. அமெரிக்காவில் சில எக்கோ மாடல்களில் குரலை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஒரு வசதி இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

"தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்?"

வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். "பாஸ்டர், நாம தப்பா ஒண்ணும் பேசறதில்லையே. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். அதுவுமில்லாம, கர்த்தர் எப்படியும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கார்?"

நல்ல கேள்வி. இதை லேசாய்த் தள்ளிவிட முடியாது. இரண்டு பாகமாகப் பதில் சொல்லுகிறேன்.

முதலாவது, இரகசியம் என்றாலே பாவம் என்று நினைக்கிறோமே, அது சரியா? நம் வீடுகளில் எதையெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அக்காவின் கர்ப்பம் கலைந்தது. அப்பாவுக்கு டாக்டர் சொன்ன வியாதி. பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொன்ன காரணம். அடகு வைத்த நகை. மகன் மூன்று பேப்பரில் பெயிலானது. இவற்றில் பாவம் எது? ஒன்றுமில்லை. ஆனாலும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம். ஏனென்றால் அது ஒருவருடைய வலி, ஒருவருடைய மானம். குளிக்கிற அறைக்குக் கதவு இருப்பது உள்ளே தப்பு நடக்கிறது என்பதற்காகவா? பிரியமானவர்களே, மறைவு என்பது குற்றவாளிக்கு மாத்திரம் தேவைப்படுகிற காரியம் அல்ல. காயப்பட்டவனுக்குத்தான் அது முதலில் தேவைப்படுகிறது.

இரண்டாவது, கர்த்தர் கேட்பதும் கருவி கேட்பதும் ஒன்றா? 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சீரியா ராஜா தன் படுக்கையறையில் பேசியது எலிசாவுக்குத் தெரிந்திருந்தது. ராஜாவுக்கு எவ்வளவு கலக்கம்! நம்மில் துரோகி யார் என்று தன் ஆட்களையே சந்தேகிக்கிறான். ஆனால் அந்தச் சம்பவம் எப்படி முடிகிறது? எலிசாவைப் பிடிக்க வந்த சேனை கையில் அகப்பட்டபோது, அவர்களைக் கொல்ல விடவில்லை. விருந்து வைத்து, வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே கேட்ட காது உயிரைக் காப்பாற்றக் கேட்டது. நாம் ஜெபத்தில் சொல்வதை ஒருவனும் விலைக்கு வாங்க முடியாது, ரெக்கார்டு போட்டு வேறு விலாசத்துக்கு அனுப்ப முடியாது. கம்பெனியின் கம்ப்யூட்டர் நம்மேல் இரக்கப்பட்டுக் கேட்பதில்லை. வியாபாரத்துக்காகக் கேட்கிறது. வியாபாரம் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வியாபாரியின் காதைத் தகப்பனின் காது என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

கேட்கப்படாத மூன்று பேர்

சரி, என் பேச்சு வெளியே போனால் எனக்குக் கவலையில்லை என்று ஒருவர் சொல்லலாம். அது அவர் இஷ்டம். ஆனால் அந்த ஸ்பீக்கர் அவர் பேச்சை மாத்திரமா கேட்கிறது?

ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு தாயாரும் வந்திருந்தார்கள். மகளின் காரியமாக மனம் நொந்து வந்தவர்கள். "ஐயா, இத நான் யாருகிட்டயும் சொல்லல" என்று மெதுவாய் ஆரம்பித்தார்கள். இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பார்கள். மூலையில் இருந்த கருவியில் விளக்கு எரிந்தது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ பேசியது. அந்தத் தாயார் திடுக்கிட்டு, "யாரது?" என்றார்கள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "அது மெஷின்தாம்மா, பயப்படாதீங்க, நீங்க சொல்லுங்க" என்றார். அவர்கள் சொல்லவில்லை. காபியைக் குடித்தார்கள். "பொதுவா ஜெபம் பண்ணிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் சொல்ல வந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு என்ன வெளியே போனது, என்ன போகவில்லை என்பது பெரிய காரியம் அல்ல. இரண்டு வார்த்தைதானே! ஆனால் வாய்வரை வந்த ஒரு பாரம் திரும்ப உள்ளே போய்விட்டதே, அதுதான் என் மனதை உறுத்துகிறது. அந்த வீட்டுக்காரர் கருவியை வாங்கும்போது சம்மதம் கொடுத்திருப்பார். நிபந்தனைகளை வாசித்தாரோ இல்லையோ, சரி என்று தொட்டிருப்பார். அந்தத் தாயாரிடம் சம்மதம் கேட்டது யார்?

விருந்தாளி ஒருவர். வீட்டு வேலைக்கு வருகிற சகோதரி இன்னொருவர். பாத்திரம் கழுவிக்கொண்டே அவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைப் போனில் பேசுவார்கள். இந்த வீட்டில் ஒரு காது இருக்கிறது என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கிறோமா? மூன்றாவது, பிள்ளைகள். நாலு வயதுப் பிள்ளை அதோடு விளையாடுகிறது, தன் பயத்தையெல்லாம் அதனிடம் சொல்லுகிறது. பிள்ளைக்குச் சம்மதம் என்றால் என்ன என்று தெரியுமா? மருமகளும் மாமனாரும்கூட வாங்கினவர் அல்ல என்றால் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி நம் உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் ஒரே மனதாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற புட்டசுவாமி அவர்கள் தொடுத்த வழக்கு அது. அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படை உரிமை என்பது தீர்ப்பு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இந்த ஸ்பீக்கர் நம் தேசத்துக்குள் வந்தது! பிறகு 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் படிப்படியாய் அமலுக்கு வரும்படி 2025 நவம்பரில் வெளியாகின. கம்பெனிகள் சம்மதம் கேட்க வேண்டும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒருவன் தன் சொந்தக் காரியத்துக்காகவும் வீட்டுக் காரியத்துக்காகவும் செய்வதற்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. அது நியாயம்தான். ஒவ்வொரு வீட்டு ஹாலிலும் போலீஸ்காரர் உட்கார முடியுமா? ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? உங்கள் ஹாலில் ஸ்பீக்கர் வைத்துவிட்டு விருந்தாளியிடம் சொல்லாமல் இருந்தால் உங்களை ஒருவரும் கேட்கப்போவதில்லை. உங்கள் மனசாட்சிதான் கேட்க வேண்டும்.

இதை நான் மாத்திரம் சொல்லவில்லை. 2019 அக்டோபரில் கூகுள் கம்பெனியில் இந்தக் கருவிகளுக்குப் பொறுப்பாளராயிருந்த ரிக் ஆஸ்டர்லோவிடம் பிபிசி நிருபர் இதே கேள்வியைக் கேட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஸ்பீக்கர் இருப்பதைச் சொல்ல வேண்டுமா? அவர் கொஞ்சம் யோசித்து, சொல்லத்தான் வேண்டும், என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அதைச் செய்து விற்கிறவரே தன் விருந்தாளியிடம் சொல்லுகிறார் என்றால், வாங்கி வைத்த நாம் சொல்ல வேண்டாமா?

"பாஸ்டர், போன்லயும் மைக் இருக்கே, அதுவும் கேக்குதே" என்பீர்கள். உண்மைதான். அதையும் ஜாக்கிரதையாய் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் போன் ஒருவருடையது, அது இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்பீக்கரோ ஒரு அறை முழுவதற்குமாக வைக்கப்படுகிறது. அலங்காரப் பொருள் என்று நினைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுகிறவர்கள் உண்டு.

என்ன செய்யலாம்?

வைத்திருக்கிறவர்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சில காரியங்களைச் செய்யுங்கள்.

1. இடத்தை யோசித்து வையுங்கள். படுக்கையறையிலும், வீட்டார் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் இடத்திலும் வேண்டாம். நோயாளிக்கோ, கண் தெரியாதவருக்கோ வாங்கினது என்றால் அவர் பக்கத்தில் இருக்கட்டும்.

2. யாராவது வீட்டுக்கு வந்தால் மைக்கை நிறுத்துங்கள். அதற்கென்று மேலேயோ பின்னாலேயோ ஒரு பட்டனோ சுவிட்சோ இருக்கும். அணைத்ததைக் காட்டும் அடையாளமும் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். கரண்டு இல்லாவிட்டால் அது வெறும் டப்பாதான். பேட்டரி உள்ள மாடல் என்றால் பட்டனையும் பாருங்கள்.

3. நிறுத்த முடியாத நேரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "அம்மா, இங்க இப்படி ஒரு மெஷின் இருக்கு, வேணும்னா அணைச்சிடறேன்" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகாது. வேலைக்கு வருகிறவர்களிடமும் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் ஒருவேளை சிரிப்பார்கள். சிரித்தால் பரவாயில்லை.

4. இதுவரை என்ன பதிவாகியிருக்கிறது என்று போனில் உள்ள அதன் ஆப்பில் பாருங்கள். அழிக்கவும், இனிமேல் சேர்த்து வைக்காதபடி மாற்றவும் அங்கே வழி உண்டு. உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சு உங்கள் காதிலேயே விழும்போது இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிடும்.

5. ஜெபக்கூட்டம் நடக்கும் வீடுகளிலும், ஒருவர் தன் பாரத்தைச் சொல்ல வரும் வீடுகளிலும் அந்த நேரம் கருவி அணைந்திருக்கட்டும். ஊழியக்காரர் வந்தவுடன் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பிரியமானவர்களே, ஒரு மனுஷன் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்கார்ந்து, குரலைத் தாழ்த்துகிறான் என்றால் அவன் உங்களை நம்புகிறான். கம்பெனியை அவனுக்குத் தெரியாது. அவன் நம்பிப் பேசுவது உங்களிடம். அந்தப் பேச்சு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். வேறொருவர் கைக்கு அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. விளக்குப் போடவும் பாட்டுக் கேட்கவும் நமக்குக் கிடைக்கிற சௌகரியம் நல்லதுதான். அதற்கான விலையை ஒன்றும் அறியாத விருந்தாளி கொடுக்கும்படி விடாதிருங்கள்.

உங்கள் வீடு, பாரம் சுமக்கிறவர்கள் வந்து பயமில்லாமல் வாய் திறக்கிற வீடாய் இருக்கும்படி கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.